பிள்ளையிடம் சொல்லலாமா?



சென்ற மாதம் ஒரு தகப்பனார் அறைவீட்டுக்கு வந்தார். அவர் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். "சுவாமி, பையனுக்கு மூக்கினுள் கட்டி, ஆபரேஷன் செய்தே தீரவேண்டுமாம். வயது 13. மாமன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அழைத்துப் போகலாமா? பயந்துவிடுவான்" என்றார். நல்லெண்ணத்தோடு சொல்லும் பொய்யும் பாவந்தானா என்பதே அவர் கேள்வி.

முதலில் நோயை அறிவோம். மீசை அரும்பும் பருவத்து ஆண்பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்தில் மிக அபூர்வமாக இக்கட்டி வளரும். நாரும் இரத்தக் குழாய்களும் பின்னிய சதை அது. ஒரு பக்க மூக்கு அடைக்கும். இரத்தம் அடிக்கடி கொட்டும். புற்றுநோயல்ல, தூர உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் 'தீதற்ற கட்டி' என்னும் பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். எலும்பை அரித்துக் கண்குழியையும் மண்டையோட்டின் அடியையும் எட்டக்கூடியது. தொட்டால் இரத்தம் பெருகுமென்று, துண்டு வெட்டிப் பரிசோதிக்கவும் வைத்தியர்கள் தயங்குவார்கள். ஸ்கேன் படங்களைக் கொண்டு தீர்மானித்து, கட்டிக்கு இரத்தம் ஊட்டும் குழாயைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னதாக அடைத்துவிட்டு, அதன்பின்னரே ரண சிகிச்சை. முன்னாளில் முகத்தைக் கீறித் திறப்பார்கள். இப்போது பலருக்கு நாசித்துவாரத்தின் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மாமன் வீட்டுக் கதை எத்தனை நாழிகை நிற்கும்?

தீர்மானிக்கும் கடமை பெற்றோருடையதே. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளட்டும், அதைச் சாக்கிட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. ஆனால் நல்லெண்ணத்தால் பொய் மெய்யாகிவிடாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழு வயதிலேயே புத்தி விவரம் வந்துவிட்டதென்று பிள்ளையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அனுப்புகிறோம். தன் ஆத்துமத்துக்குக் கணக்குச் சொல்லத் தகுந்தவன், தன் மூக்கைப் பற்றிக் கேட்கத் தகாதவனா?

இன்னொன்று. இக்கட்டி மறுபடி முளைக்கக் கூடும். கண்நரம்பையோ பெரிய இரத்தக் குழாயையோ காக்கும்பொருட்டு ஒரு துணுக்கை விட்டுவைப்பதும் உண்டு. ஆகையால் ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். மூக்கு அடைக்கிறதா, இரத்தம் கசிகிறதா என்று உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டியவன் பையனே. முதல் பயணத்திலேயே அவனை ஏய்த்தால், அடுத்த முறை நம்பி வருவானா? மறைப்பதை அவனுக்கு நாமே கற்றுக்கொடுத்ததாகாதா?

தகப்பனார் அன்றிரவே சொல்லிவிட்டாராம். பையன் சற்று நேரம் பேசாதிருந்து, "எத்தனை நாள் பந்து விளையாடக் கூடாது?" என்று மட்டும் கேட்டானாம். வைத்தியரிடம் கேட்கவேண்டியவற்றோடு அதையும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறார்.