காலண்டர்ப் படமும் நம் ரசனையும்

ஓர் ஓவியத்தைக் "காலண்டர்ப் படம்" என்று கற்றவர் ஒருவர் கூறினால், அது பாராட்டன்று, தீர்ப்பு. அந்தக் காலண்டர்களுக்குப் பெயர்பெற்றது நம் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்ட ஊர், நாட்டின் சுவர்களுக்கெல்லாம் தெய்வ உருவங்களையும் அச்சிட்டு அனுப்பியது. அருகிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைகள் தீட்டியவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் வரைந்த உருவங்கள் எளியோர் இல்லங்களில் வணக்கம் பெற்றன. பட்டாசுத் தொழிலாளரின் வீட்டுச் சுவரில் திரு இருதயப் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் இடம்பெற்றது இத்தகைய அச்சின் வழியாகவே.

இதை மட்டமான ரசனை என்று ஒதுக்கிவிடலாமா?

பிரான்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் பியேர் பூர்தியூ, 1963இலும் 1967–68இலும் தம் நாட்டவர் 1,217 பேரிடம் கருத்துக் கேட்டு, 1979இல் அதை நூலாக்கினார். எவற்றைப் படமெடுத்தால் அழகாயிருக்கும் என்பது அவர் கேட்ட வினாக்களுள் ஒன்று. பட்டியலில் புதுநன்மைக் காட்சியும் இருந்தது. படிப்பு ஏற ஏற, அது அழகு என்றோர் குறைந்தனர். மிக உயர்ந்த படிப்பினரிடையே மீண்டும் கூடினர். நடுவில் நிற்பவருக்கு எளியவரிடமிருந்து விலகி நிற்கும் கவலை. உச்சியில் இருப்பவருக்கோ அந்த அச்சமில்லை என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம்.

இங்கும் அதுவே நிகழ்கிறது. பழைய சிவகாசிப் படங்களை இன்று சேகரிப்போர் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுகின்றனர். தொழிலாளி வீட்டில் மட்டமானது, அங்கே கலையாகிறது. படம் மாறவில்லை, சுவர்தான் மாறியது. அப்படியானால் நாம் இதுவரை எடைபோட்டது படத்தையா, வீட்டுக்காரரையா?

எல்லாப் படமும் ஒன்றே என்பதன்று நம் கருத்து. ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகைத் தேடுமாறு 1963இல் வத்திக்கான் சங்கம் பணித்தது. தரமற்ற படைப்புகளை ஆலயத்தினின்று அகற்றவும் சொன்னது. கண்ணைப் பழக்குவது நன்றே. ஆயினும் ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது, வண்ணம் மங்கிய பழைய சுரூபத்தை அகற்றும் முடிவை யார் எடுக்கின்றனர்? நன்கொடை தந்தோரும் படித்தோரும் அல்லவா? அதன் பாதம் தொட்டு வேண்டிய கூலித் தொழிலாளப் பெண்ணை எவரும் கேட்பதில்லை.

பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிடமும் கந்தை உடுத்தவனுக்குக் கால்மணையும் தருவதை யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். அவ்வேற்றுமை இருக்கையில் மட்டுமன்று, ரசனையிலும் நுழையும். அடுத்த முறை பங்குக் கூட்டத்தில் சுரூபங்களைப் பற்றிப் பேசுமுன், அப்பெண்ணையும் அழைத்து அமர்த்துவோம்.