புது எஞ்சினும் பழைய முட்களும்

டெம்பரேச்சர் மீட்டரின் முள் வெப்பத்தை அறியாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒற்றைக் கம்பியில் வந்துபோகும் மின்சாரம். எஞ்சினில் திருகியிருக்கும் சென்சார் சூடேறச் சூடேற அதன் மின்தடை குறைகிறது. குளிர்ந்திருக்கும்போது சில நூறு ஓம். தண்ணீர் கொதிக்கும் நிலையை நெருங்கும்போது சில பத்து ஓம். தடை குறைந்தால் மின்சாரம் கூடும், முள் ஏறும். இந்த மீட்டருக்கு இந்த சென்சார் என்று தொழிற்சாலையில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மேல்தான் அந்த ‘எச்’சும் ‘சி’யும் எழுதப்பட்டிருக்கின்றன. எஞ்சினை இறக்கும்போது சென்சாரும் அதனோடு போய்விடுகிறது. மீட்டர் மட்டும் டாஷ்போர்டில் பழைய ஒப்பந்தத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

*

அனந்தபுரத்தில் ஒரு பட்டறையில் நிற்கும் அம்பாசடரை வைத்து இதை எழுதுகிறேன். பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு இசூசு டீசலும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றியிருக்கிறார்கள். அம்பாசடருக்கு இது அந்நியமான காரியம் இல்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸே அந்த ஒரே உடம்புக்குள் எஞ்சின்களை மாற்றி மாற்றி வைத்தது: 1489 சி.சி. பெட்ரோல், அதே அளவில் டீசல், 1990களில் இசூசுவின் 1817 சி.சி. பெட்ரோல், பிறகு 1995 சி.சி. டீசல். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை வண்டியின் உருவம் பெரிதாக மாறவில்லை. கட்டுப்படியாகாத பெட்ரோல் வண்டிகளுக்கு டீசல் ஏற்றி வாடகைக்கு ஓட்டியவர்கள் விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கமும் உண்டு.

எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பட்டறையே பானட்டைச் சூழ்ந்துகொள்ளும். “வண்டி ஓடுதுல்ல சார், மீட்டர அப்புறம் பாத்துக்கலாம்.” இந்த ‘அப்புறம்’ எத்தனையோ எஞ்சின்களைத் தின்றிருக்கிறது. ஹெட் வளைந்தபின் முள்ளைப் பார்த்து என்ன பயன்? மீட்டர்கள் சரியாகப் பேசாதவரை எஞ்சின் மாற்றும் வேலை முடியவில்லை என்பதுதான் என் எண்ணம்.

*

ஒரு முள் தவறினால் அதன் சென்சாரைப் பார்க்கலாம். இரண்டு முட்கள் சேர்ந்து தவறினால் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும். சாவி போட்டதும் டீசல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் ஒன்றாக உச்சிக்கு ஏறுகின்றனவா? பிரிட்டிஷ் வழி வந்த பல கார்களில் 1960களிலிருந்து டாஷ்போர்டின் பின்னால் ஒரு சிறிய டப்பா இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியின் 12, 14 வோல்ட்டை அது விட்டு விட்டுத் தந்து, சராசரியில் 10 வோல்ட்டாக்கி மீட்டர்களுக்குக் கொடுக்கிறது. அதன் எர்த்து விட்டுப்போனால் முழு வோல்ட்டும் நேராகப் போய்விடும். அப்போது டேங்க் நிறைந்தது போலவும் எஞ்சின் கொதிப்பது போலவும் தெரியும், இரண்டும் பொய்யாக. எஞ்சினை மாற்றுகிறவர்கள் டாஷ்போர்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவை விட்டுவிட்டாலே இவ்வளவும் நடக்கும்.

*

“எர்த்தப் பாரு மொதல்ல.” எலக்ட்ரீசியன் அண்ணன் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைத்தான் சொல்கிறார். பழுது தேடும் கலையில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் அதிர்வைத் தடுக்கும், மின்சாரத்தையும் தடுக்கும். ஆகவே எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பின்னல் பட்டை போக வேண்டும். எஞ்சினை இறக்கும்போது முதலில் கழற்றுவது அதை. ஏற்றியபின் கடைசியில் மறப்பதும் அதை. மறந்தால் என்ன ஆகும்? செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்ப வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஏதாவது ஒரு இரும்புக் குழாய் என்று கிடைத்த வழியில் போகும். செல்ஃப் அடித்தபின் கேபிள் சுடுகிறதென்றால் அது எஞ்சினின் சூடு இல்லை.

எர்த்துப் பட்டை அரைகுறையாக இருந்தால் இன்னும் மோசம். சென்சாரின் மின்சாரம் எஞ்சின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வழியில் துரு, பெயின்ட், கிரீஸ் சேர்த்த கூடுதல் தடையையும் மீட்டர் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தடை கூடினால் முள் இறங்கும். அதாவது, எஞ்சின் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்திருப்பதாகக் காட்டும். பயமுறுத்தும் பொய்யாவது நம்மை வண்டியை ஓரங்கட்ட வைக்கும். ஆறுதல் சொல்லும் பொய் மே மாத வெயிலில் திண்டிவனம்வரை கூட்டிக்கொண்டு போய்விடும்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்து, மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய பளிச்சென்ற இடத்தில் அழுத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைப் பார். இரும்பைச் சுரண்டாமல் பெயின்ட்டின் மேல் போல்ட்டை இறுக்கினால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

*

எர்த்து சரியானபின் சென்சாருக்கு வரலாம். சாவியைப் போட்டு, சென்சார் கம்பியைக் கழற்றி ஓரிரு நொடி எஞ்சினில் தொட்டால் முள் ‘எச்’ பக்கம் கிளம்ப வேண்டும். பழைய வெப்ப மீட்டர்களில் அது துள்ளாது, மெல்ல நகரும். அதுவே அதன் இயல்பு. கிளம்பினால் மீட்டரும் கம்பியும் நலம், குறை சென்சாரில். கிளம்பாவிட்டால் சென்சாரை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது டீக்கடைப் பாத்திரமும் ஒரு தெர்மாமீட்டரும். சென்சாரைத் தண்ணீரில் முக்கிச் சூடேற்றி, 40, 60, 80 டிகிரியில் எத்தனை ஓம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பழைய சென்சார் கைவசம் இருந்தால் அதற்கும் அப்படியே. இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது குழப்பம் தீர்ந்துவிடும். பட்டறையில் மிக அமைதியான வேலை இதுதான். ஸ்பேனர் சத்தம்கூட இல்லை.

பிறகு, பழைய சென்சாரைப் புது எஞ்சினில் பொருத்த அடாப்டர் கடைந்துகொள்ளலாம். அல்லது புது எஞ்சினின் சென்சாரை வைத்துக்கொண்டு அதற்கேற்ற மீட்டரைச் சேர்க்கலாம். முடிந்தால் இரண்டையும் ஒரே கம்பெனியின் ஜோடியாக வாங்குவதே மேல். மரைக்கு டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றக் கூடாது. ஒற்றைக் கம்பி சென்சாருக்கு அந்த மரைதான் எர்த்து.

இடமும் முக்கியம். சென்சாரின் முனை ஓடும் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடிக்கு மேலே, காற்று தங்கும் மூலையில் வைத்தால் எஞ்சின் சூடான பிறகும் முள் தூங்கும். ஓஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் உருகிக்கொண்டிருக்கும்போது முள் ‘சி’ பக்கம் சரியக்கூடும். திடீரென்று இறங்கும் முள்ளுக்கும் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இதை ஓட்டுநர் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும்.

*

ஆயில் பிரஷருக்கு மின்சாரம் வேண்டாத மீட்டர் ஒன்று உண்டு. யூஜீன் பூர்தோன் 1849இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்: உள்ளே அழுத்தம் ஏற ஏற நிமிரப் பார்க்கும், அந்த அசைவே முள்ளை நகர்த்தும். டாஷ்போர்டு மீட்டரின் மேல் சந்தேகம் வந்தால் இதை நேராக பிளாக்கில் மாட்டிப் பார்க்கலாம். அது சொல்வதை நம்பலாம்.

*

ஆம்மீட்டரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய வண்டியில் இருந்தது டைனமோ. லூகாஸ் சி40 என்றால் 22 ஆம்பியர். புது எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டர் 45, 55 ஆம்பியர் தரக்கூடியது. பழைய ஆம்மீட்டர் வழியாகத்தான் சார்ஜ் ஆகும் மின்சாரம் எல்லாம் போகிறது. அந்தக் கம்பியும் பின்னாலுள்ள நட்டும் இவ்வளவுக்குச் செய்யப்பட்டவை இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்க இது போதும். ஆம்மீட்டரைத் தாண்டிக் கனத்த கம்பி போட்டு, அதன் இடத்தில் ஒரு வோல்ட்மீட்டரை வைத்துவிட வேண்டும். டீசலின் ஹீட்டர் பிளக்குகளுக்கும் தனிக் கம்பி, தனி ரிலே.

சார்ஜ் விளக்கின் சிறு பல்பு வெறும் அறிவிப்பு இல்லை. பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்வது அந்த பல்பு வழியாக வரும் மின்சாரத்தால்தான். பல்பு போய்விட்டால் சார்ஜும் தொடங்காமல் போகலாம்.

ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் அது செத்துக் கிடப்பதில் வியப்பில்லை. இக்னீஷன் காயிலின் துடிப்பை எண்ணி வாழ்ந்தது. டீசலில் காயிலே இல்லை. ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனையிலிருந்து எண்ணத் தெரிந்த மீட்டர் வேண்டும்.

*

ஸ்பீடாமீட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம், தொடாமல். காந்தம் சுழல, கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைக் கூடவே இழுக்கிறது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று தடுக்கிறது. இரண்டின் சமரசத்தில் முள் நிற்கிறது. சுழலும் உலோகத் தட்டு தன் மேல் தொங்கும் காந்த ஊசியை இழுப்பதை அராகோ 1824இல் கண்டார்; ஒட்டோ ஷுல்ட்சே 1902இல் அதே இயல்பைக் கொண்டு இந்த மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். தொடாமலே நகர்த்தும் இந்தக் கருவியில் வீணான அசைவு ஒன்றும் இல்லை.

கியர் பெட்டி மாறினால் கேபிளைச் சுழற்றும் சின்ன பல்சக்கரத்தின் கணக்கும் மாறுகிறது. சரிபார்க்க, பனமலைப் பக்கமோ செஞ்சிப் பக்கமோ வண்டி குறைந்த காலை நேரத்தில், முள்ளை 60இல் நிறுத்திக் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பார்க்கலாம். வாட்சைப் பிடிக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். 60 நொடி ஆனால் சரி. தவறினால் ஓடிய தூரம் காட்டும் எண்களையும் பார்க்க வேண்டும். எண்ணும் முள்ளும் ஒரே விகிதத்தில் தவறினால் கோளாறு பல்சக்கரத்தில். எண் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால் ஸ்பிரிங்கிலோ காந்தத்திலோ. முன்பு டெம்பரேச்சரிலும் டீசலிலும் பார்த்த அதே விதி.

*

காகிதத்திலும் ஒரு வேலை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, எஞ்சின் மாற்றமும் எரிபொருள் மாற்றமும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021 முதல் தனிப் பழம்பெரும் வாகனப் பதிவு வந்திருக்கிறது. ஆனால் அது பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு. வேறு எஞ்சின் ஏற்றுகிறவர் அந்தக் கதவு தனக்கு மூடிவிடும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

*

டீசல் மீட்டரை எல்லாரும் கடைசியில் வைப்பார்கள். டேங்க் மாறவில்லையே என்ற நினைப்பு. ஆனால் டீசல் எஞ்சின் குடித்தது போக மிச்சத்தை டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பு குழாய்க்காக டேங்க்கைத் திறந்திருப்பார்கள். திரும்ப மாட்டும்போது ஃப்ளோட்டின் கை வளைந்திருக்கலாம். புது ரப்பர் கேஸ்கெட் யூனிட்டின் எர்த்தைத் துண்டித்திருக்கலாம். எர்த்து போனால் டேங்க் நிறைந்திருந்தும் முள் காலியிலேயே கிடக்கும்.

பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். டீசல் தீர்ந்தால் பைப்பில் காற்று ஏறிவிடும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை சாலையோரம் குந்தியிருக்க வேண்டும். அதனால் காலி டேங்க்கிலிருந்து தொடங்கி, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பட்டறைப் பையன் பொறுமையாகக் குறித்தான். கீழ்ப்பாதியில் முள் வேகமாக இறங்குகிறது. ‘இ’க்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே மிஞ்சுவது ஐந்து லிட்டர்தான். அந்த இடத்தில் மீட்டர் கண்ணாடியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறான்.