பெரிய நோயும் சிறிய உறுத்தலும்

தீராத நோய் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், தீரக்கூடிய தொல்லைகள் யார் கவனத்துக்கும் வராமல் போய்விடுகின்றன. மூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன, தடுக்க மருந்தில்லை என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கால் வலித்தாலும் அந்த நோய்தான், தூக்கம் கெட்டாலும் அந்த நோய்தான், கண் எரிந்தாலும் அந்த நோய்தான். "இந்த வியாதியில இதெல்லாம் இருக்கும்ல" என்று பார்க்க வருகிறவர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். சொல்வதில் பொய்யில்லை. ஆனால் நோயால் வருகிற தொல்லை ஒவ்வொன்றும் அந்த நோயைப் போலவே தீராதது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோமே, அங்கேதான் நோயாளிக்கு அநியாயம் நடக்கிறது.

அப்பாவுக்கு வந்தது பி.எஸ்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரோகிரஸிவ் சுப்ராநியூக்ளியர் பால்ஸி. கனடாவின் டொரன்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸெவ்ஸ்கி என்ற மூவர் 1964-இல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார்கள். ஆரம்பத்தில் பார்க்கின்சன் போலவே தோன்றும். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது, பேச்சு குழறுவது, பார்வையைக் கீழே இறக்க முடியாமல் போவது என்று தன் அடையாளங்களைக் காட்டும். அவற்றோடு சத்தமில்லாமல் இன்னொன்றும் நடக்கும்: கண் இமைப்பது குறைந்துவிடும். நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 முறை இமைக்கிறோம். இந்த நோயில் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

இமை மூடித் திறக்கும்போதெல்லாம் கருவிழியின் மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவுகிறது. இமை விளிம்பில் உள்ள சுரப்பிகள் விடுகிற எண்ணெய், அந்த ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. இமைப்பு குறைந்தால் படலம் உடைந்து கண் காய்கிறது. மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. உறுத்தல் தாங்காமல் கண் தண்ணீரைக் கொட்டும். வறண்ட கண்ணிலிருந்து நீர் வழிவது இதனால்தான். அப்பாவின் கன்னத்தில் அது வழிவதைப் பார்த்து, "நம்மளப் பார்த்ததும் அழுறாரு" என்று கலங்கிப் போனவர்கள் உண்டு. இமைக்காத பார்வையைக் கண்டு, "ஏன் இப்படி முறைக்கிறாரு?" என்று ஒதுங்கி நின்ற குழந்தைகளும் உண்டு. அவர் அழவுமில்லை, முறைக்கவுமில்லை. கண் எரிந்தது; அதைச் சொல்ல முகமும் நாக்கும் ஒத்துழைக்கவில்லை.

கண் மருத்துவர் சொன்ன யோசனைகள் எளியவை. முதலில் கட்டிலை மின்விசிறிக்கு நேர் கீழேயிருந்து நகர்த்தினோம். காற்று முகத்தில் நேராக அடித்தால் இருக்கிற ஈரமும் போய்விடும். செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து தொடங்கினோம். ஒரு நாளில் பல முறை விட வேண்டியிருந்தால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகை நல்லது. அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணைப் புண்படுத்தும். தூங்கப் போகும்போது மட்டும் களிம்பு, ஏனென்றால் அது பார்வையை மங்கலாக்கும். வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமைகளின் மேல் சில நிமிடங்கள் வைத்தால், சுரப்பிகளில் உறைந்த எண்ணெய் இளகும். கண் சிவந்திருக்கிறதே என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றுவது மட்டும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். வலியோடு சிவந்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சொட்டு மருந்து விடுவதை அம்மாவிடம்தான் பார்த்துக் கற்றேன். அப்பாவின் கழுத்து விறைத்திருக்கும். தலையைப் பின்னுக்குச் சாய்க்க வராது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்து, "ஏங்க, வலது கண்ணுல விடப்போறேன்" என்பாள். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். இந்த நோயில் கேட்டது புரியும், பதில் மெதுவாக வரும். அப்பாவின் கட்டைவிரல் லேசாக உயர்ந்த பிறகுதான் கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தக் குழிவில் ஒரே ஒரு சொட்டு விடுவாள். இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமில்லை, வெளியேதான் வழியும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. "எரியுதா?", "வெளிச்சம் கூசுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் விரல் பதில் சொல்லும். சொட்டு மருந்தைவிட அந்தக் காத்திருப்புதான் பெரிய வைத்தியம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

கவனிக்கத் தொடங்கிய பிறகு மற்றவையும் புலப்பட்டன. சாப்பாட்டைச் சிந்துவது கை நடுக்கத்தால் என்று எண்ணியிருந்தோம்; கண் கீழே இறங்காததால் தட்டே அவருக்குத் தெரியவில்லை. மேசை மேல் ஒரு மணைப்பலகையைப் போட்டுத் தட்டை உயர்த்தி வைத்ததும் பாதி சிந்தல் நின்றது. சில நேரம் இமைகள் மூடிக்கொண்டு, அவர் நினைத்தாலும் திறக்க வராது. தூங்குகிறார் என்று எண்ணி அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறவர்களை அம்மா அதட்டுவாள். இமைத் தசை இறுகி மூடிக்கொள்பவர்களுக்கு போட்டுலினம் ஊசி உதவும். பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும்.

"இவ்வளவும் செஞ்சு என்ன, நோய் நிக்கவா போகுது?" என்று உறவில் ஒருவர் கேட்டார். நிற்காது. ஆனால் நோயாளி வாழ்வது நோயின் முடிவில் இல்லையே. இன்றைய பிற்பகலில் அல்லவா வாழ்கிறார்! அந்தப் பிற்பகலில் கண் எரிச்சல் இல்லாவிட்டால் அவர் கிரிக்கெட் பார்ப்பார், பேத்தி வரைந்த படத்தைப் பார்ப்பார், வந்தவர் யார் என்று முகத்தைப் பார்ப்பார். பேச்சும் நடையும் போன மனிதருக்கு உலகத்தோடு மிஞ்சியிருக்கும் வழி பார்வை. அதை வலியில்லாமல் வைத்திருப்பதைச் சின்ன வேலை என்று எப்படிச் சொல்வது?

மருத்துவரைப் பார்க்கக் கிடைக்கிற சில நிமிடங்கள் விழுந்ததையும் விழுங்க முடியாததையும் சொல்வதிலேயே தீர்ந்துபோகும். நரம்பு மருத்துவர் கேட்காவிட்டால் கண்ணைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். அதை ஒரு தாளில் முதல் வரியாக எழுதிக்கொண்டு போங்கள். "இதுவும் அந்த நோய்தான்" என்ற பதில் வந்தால், "சரிங்க டாக்டர், இந்த எரிச்சலுக்கு மட்டும் என்ன செய்யலாம்?" என்று மறுபடி கேளுங்கள். நோயாளியால் கேட்க முடியாது. அவருக்காக நாம் கேட்கத்தான் வேண்டும்.