துறந்ததும் பறிபோனதும்

துறவி எதையெல்லாம் விடுகிறான் என்று பட்டியல் போடுகிறவர்கள் வீடு, மனைவி மக்கள், சொத்து, பெயர் என்பதோடு நிறுத்திக்கொண்டு விடுகிறார்கள். கல்லறையை யாரும் சேர்ப்பதில்லை. கிரேக்கத்தில் ஆதோஸ் மலை மடங்களில் அதையும் விட்டுவிடுகிறார்கள். இறந்த துறவியை அவருடைய அங்கியிலேயே சுற்றித் தைத்து, பெட்டியில்லாமல் புதைக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்ததும் தோண்டி, எலும்புகளைக் கழுவி, மடத்தின் எலும்பறையில் மற்றவர்களுடையதோடு சேர்த்துவிடுகிறார்கள். குழி அடுத்தவருக்கு. சில மண்டையோடுகளின் நெற்றியில் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும். தொடை எலும்பு யாருடையது என்று கேட்க முடியாது. இன்னார் புதைந்த இடம் எது என்று அங்கே தேடிப்போகிறவன் கேள்வியையே தவறாகப் போட்டுக்கொண்டு போகிறான்.

இதை வைத்துக்கொண்டு நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். பேச்சு அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் துறவிகள் எழுவரைப் பற்றியது. உடம்பைப் பொருட்படுத்தாதவர்களின் உடம்பு எங்கே என்று கால் நூற்றாண்டுக்கு மேலாகத் துருவுவது அவர்கள் துறவை அவமதிப்பதல்லவா என்றார். கவர்ச்சியான வாதம்தான். எனக்கு ஒப்பவில்லை.

நடந்தது இது. அல்ஜீரிய உள்நாட்டுப் போரின் நடுவே, 1996 மார்ச் 26-27 இரவில், மெதேயா நகருக்கு அருகே மலைமேல் இருந்த அந்த மடத்திலிருந்து ஏழு ட்ராப்பிஸ்ட் துறவிகளை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திப் போனார்கள். கண்ணில் படாததால் இருவர் தப்பினார்கள். மே மாதம், அவர்களைக் கொன்றுவிட்டதாக ஜி.ஐ.ஏ. என்ற ஆயுதக் குழுவின் பெயரில் அறிக்கை வந்தது. மே 30 அன்று தலைகள் கிடைத்தன. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஜூன் 4, மடத்து மண்ணிலேயே அடக்கம்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சவப்பெட்டி. ட்ராப்பிஸ்ட் மரபில் சவப்பெட்டி கிடையாது. துறவியை அங்கியோடு நேரே மண்ணில் இறக்குவார்கள். இந்த எழுவருக்கு மட்டும் பெட்டி வந்தது, மூடின பெட்டி. சபையின் சார்பில் வந்திருந்த ஆர்மான் வெய்யூ, திறந்து பார்த்தே தீரவேண்டும் என்று நின்றார். உள்ளே தலைகள் மட்டுமே. இல்லாத உடம்பை இருப்பதாகக் காட்டுவதற்கு, உடம்புக்குப் பெட்டியே வேண்டாம் என்றவர்களுக்குப் பெட்டி. 2010ல் ஸேவியே போவ்வா இவர்களைப் பற்றி எடுத்த படம் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. துறவிகள் பனியில் நடந்து மறைவதோடு படம் முடிந்துவிடுகிறது. அந்த அழகின்மேல் எனக்குச் சந்தேகம். அந்த வெண்மை எல்லாவற்றையும் தியாகமாக மாற்றிவிடுகிறது; பெட்டியைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

துறத்தலுக்குக் கர்த்தா துறக்கிறவன்தான். வேறொருவன் நமக்காகத் துறக்க முடியாது. ஆதோஸில் குழியைத் தோண்டுகிறவர்கள் சகோதரர்கள், பிரார்த்தனையோடு தோண்டுகிறார்கள், தங்களுக்கும் இதுவே என்று தெரிந்து தோண்டுகிறார்கள். திபிரினில் எடுத்துக்கொண்டவன் யார் என்றே தெரியாது. இரண்டிடத்திலும் பெயருக்கு நேராக உடம்பு இல்லை என்பது உண்மை. தானத்துக்குப் பிறகும் திருட்டுக்குப் பிறகும் கல்லாவில் பணம் இல்லைதான். (வங்கி குமாஸ்தாவுக்கு இந்த உவமைதான் வாய்க்கும்.)

நண்பரின் துருப்புச் சீட்டு ஒரு கடிதம். மடத்தலைவர் க்ரிஸ்தியான் த ஷெர்ஜே 1993 டிசம்பரிலும் 1994 ஜனவரியிலுமாக எழுதி வைத்தது. தன்னைக் கொல்லப்போகிறவனை அதில் முன்கூட்டியே மன்னித்துவிடுகிறார், நன்றிகூடச் சொல்கிறார். மன்னித்தாயிற்றே, அப்புறம் விசாரணை எதற்கு? இதற்குப் பதில் எளிதல்ல. எனக்குத் தோன்றுவது, செய்ததைச் செய்தது என்று வைத்துக்கொண்டுதான் மன்னிக்க முடியும் என்பது. செயலையே மூடிவிட்டால் அந்த மன்னிப்பு யாருக்கும் போய்ச் சேராத தபால். மேலும், தன் மரணத்தை மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு. லூக்கின் மரணத்தை? லூக் வைத்தியர், 1946ல் அல்ஜீரியாவுக்கு வந்தவர், கிராமத்தாருக்கு இலவசமாக மருந்து கொடுத்துக்கொண்டு 82 வயதில் அங்கேயே இருந்தவர்.

நண்பர் கவனிக்காத ஒன்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. யாரும் பொருட்படுத்தாமல், பெயரில்லாமல் போன இதே போன்ற மற்ற மரணங்களோடு தன் மரணத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி ஷெர்ஜே கேட்டுக்கொள்கிறார். இதைப் படித்தபிறகு எழுவரை மட்டும் தனியே வைத்துப் பேச எனக்கு முடியவில்லை. எழுவருக்காகப் பிரான்ஸிலிருந்து நீதிபதி மார்க் த்ரெவிதிக் போனார். 2014 அக்டோபரில் கல்லறைகளைத் திறந்தார்கள். இறந்தபிறகே தலைகள் துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018ல் நிபுணர்கள் சொன்னார்கள். கொன்றது யார் என்ற தகராறு தீரவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் திருச்சபை அவர்களுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது.

அதே போரில் பாதுகாப்புப் படையினர் பிடித்துப்போய்த் திரும்பாத அல்ஜீரியர்கள் 6,146 பேர் என்று அரசு அமைத்த குழுவே 2005ல் கணக்குச் சொல்லிற்று. அவர்களுக்காக எந்த நீதிபதியும் கடல் தாண்டி வரவில்லை. அந்த ஆண்டிலேயே சமாதான சாசனம் என்று ஒன்றை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். காணாமற்போனவர் இறந்துவிட்டதாகக் குடும்பத்தார் தீர்ப்பு வாங்கிக்கொண்டால் நஷ்ட ஈடு உண்டு. எங்கள் கவுண்டரிலும் இப்படி வருவார்கள்: ஏழு ஆண்டுகள் செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சட்டம், கோர்ட்டு உத்தரவைக் காட்டினால் வாரிசுக்குப் பணம். மறுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அல்ஜீரியத் தாய்மாரில் பலர் மறுத்தார்கள். அந்தக் காகிதம் வேண்டாம், பிள்ளையை எங்கே புதைத்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்கள்.