சாம்பல் திரையின் முன்

நிறம் அளக்கும் முன் மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுவேன். பின்விளக்கு நிலைப்படாமல் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. அதற்குள் ஜன்னல் திரையை இழுத்துவிடலாம், மஞ்சள் பல்பை அணைக்கலாம், வால்பேப்பரில் இருக்கும் மலையையும் ஏரியையும் எடுத்துவிட்டு வெறும் சாம்பலை வைக்கலாம். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை இது.

*

கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்தால் என்ன என்று கேட்பார்கள். கண் எதற்கும் பழகிவிடும். கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கிலும் உச்சி வெயிலிலும் வேட்டி நமக்கு வெள்ளைதான். விளக்கடியில் அதன்மேல் விழுவது ஏறக்குறைய ஆரஞ்சு ஒளி. கண் அதைத் தானாகக் கழித்துவிடுகிறது. நீலம் பாய்ந்த திரையையும் கொஞ்ச நேரத்தில் வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும். ஆனால் முழுதாகவும் பழகாது. மிஞ்சி நிற்கும் அந்தத் துளி நீலத்துக்கு ஈடாக, நம்மை அறியாமலே கல்யாணப் படத்தின் முகங்களில் மஞ்சளை ஏற்றிவிடுவோம். அச்சில் வரும்போது மணமக்கள் மஞ்சள் காமாலை வந்தவர்களாக நிற்பார்கள்.

*

நிறம் அளக்கும் கருவியான கலரிமீட்டரைத் திரையின் நடுவில் தொங்கவிட்டாயிற்று. சிவப்பு, பச்சை, நீலம், பிறகு கறுப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் படிகள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. வெள்ளைக்கு 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா. கடையிலிருந்து வரும் திரை இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரியும். ‘லேப்பில் ஆல்பத்தை இருட்டடித்துவிட்டார்கள்’ என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே.

கடைசியில் கிடைக்கும் பிரொஃபைல் ஒரு சின்னக் கோப்பு. திரையின் குணங்களையும் குறைகளையும் குறித்து வைத்த சீட்டு அது. பத்து கிராம் கூட்டிக் காட்டும் தராசை, பத்தைக் கழித்துக்கொண்டே காலமெல்லாம் ஓட்டும் கடைக்காரரைப் போல, போட்டோஷாப் இந்தச் சீட்டைப் படித்துக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

*

கண்ணை நம்பாமல் கருவியிடம் போனால், கருவிக்குப் பின்னாலும் கண்தான். 1920களின் இங்கிலாந்தில் டபிள்யூ. டி. ரைட் 10 பேரை வைத்தும், ஜான் கில்ட் 7 பேரை வைத்தும் மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். பொருத்தியவர்கள் பார்த்த வட்டம், நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அந்த 17 பேரின் சராசரியிலிருந்துதான் 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇயின் ‘நியம நோக்கர்’ பிறந்தார். என் மேசைக் கருவி சொல்லும் எண்கள் இன்றும் அவர் வழி வந்தவை. அளவில் ஒன்றாக நிற்கும் இரண்டு மானிட்டர்கள் பக்கத்தில் வைத்தால் எனக்கு வேறாகத் தெரிவதுண்டு. நான் அந்தச் சராசரி ஆள் இல்லை, அவ்வளவுதான்.

*

பட்டு எந்த அளவுக்கும் முழுதாக அடங்குவதில்லை. மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்புக்கு மடிப்பு மாறும். ராணி பிங்க் வேறு தொல்லை. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி நிறவெளி, அன்றைய குழாய் மானிட்டர்களை மனதில் வைத்து வகுத்த எல்லை. அதைத் தாண்டும் சாயம் விளிம்பில் முட்டி நின்றுவிடும்; முந்தானையின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே திட்டாகிவிடும். நிறச் செறிவைக் குறைத்து மடிப்பைக் காப்பாற்றுவேன். புடவைக்காரி நிறத்தைத்தான் கேட்பாள் என்பதும் தெரியும்.

*

ஆல்பம் பார்க்க வரும் பெண் வீட்டார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: “தம்பி, முகத்தைக் கொஞ்சம் கலராக் காட்டுங்க.” அந்த மாநிறத்துக்கு என்ன குறை என்று கேட்க வாய் வரும், கேட்பதில்லை. திரை தானாக வெளுப்புக் காட்டிய நாட்களில் இந்தப் பேச்சே எழாது. இப்போது ஸ்லைடரை நகர்த்தினால் எத்தனை புள்ளி நகர்த்தினேன் என்று எனக்குத் தெரியும். பெண்ணின் அம்மாவுக்காக ஐந்து புள்ளி ஏற்றுவேன். மணப்பெண் கூட வந்திருந்தால் முதலில் அவளைக் கேட்பேன்.