மஞ்சக்குட்டையில் கோடு போடுவது யார்?

1992இல் நிறைவேறிய இரண்டு அரசியல் சாசனத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தன என்று மேடைதோறும் சொல்கிறோம். அவற்றோடு வந்த இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் படிப்பவர்கள் குறைவு. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 இனங்கள். அதில் இரண்டாவதே நிலப்பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஊராட்சிகளுக்கான பதினொன்றாவது அட்டவணையில் 29 இனங்கள். மண்வளப் பாதுகாப்பு இருக்கிறது, சிறுபாசனம் இருக்கிறது, மீன்வளமும் நூலகமும்கூட இருக்கின்றன. எந்த நிலத்தில் எது எழும்பலாம் என்பது மட்டும் இல்லை. வீட்டு வரைபடத்தில் ஊராட்சி அலுவலக முத்திரை விழுவது வேறு சங்கதி. இது விளைநிலம், இது வீட்டுமனை, இது தொடக்கூடாத சரிவு என்று வகுக்கும் கை ஊராட்சியின் கை அல்ல.

சமவெளியில் இந்த விடுபடல் பெரிதாக உறைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினால் நமக்குக் காற்று குறையும், அவ்வளவுதான். ஏற்காடு ஒன்றியத்தில் மஞ்சக்குட்டை மாதிரி ஓர் ஊராட்சியில் நிலம் அப்படித் துண்டுதுண்டாக இருப்பதில்லை. மேலே ஒருவர் சரிவை வெட்டிச் சமப்படுத்தினால், மண் கீழே இருப்பவரின் காப்பிச் செடிமேல் வந்து படிகிறது. மேலே ஆழ்துளைக் கிணறு இறங்கினால் கீழே ஊற்று மெலிகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, அது எந்தப் பட்டாதாரரின் மண் என்று யாரும் கேட்கவில்லை. மலையில் உரிமை ஒரு புல எண்ணோடு நின்றுவிடும். விளைவு நிற்காது.

விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 1990இல் தமிழக அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. ஊர்ப்பேச்சில் ‘ஹாக்கா’. சேர்வராயன் மலைக் கிராமங்களும் அதன் வளையத்துக்குள் வருகின்றன. நல்ல ஏற்பாடுதான், நான் அதன் எதிரி அல்ல. ஆனால் சென்னையில் எழுதின விதியைச் சென்னையிலேயே தளர்த்தவும் முடியும். கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே விடுதிக் கதை பலருக்கு நினைவிருக்கும். 1994 மே மாதம் ஓர் அரசாணை, கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளித்து ஏழு தளங்களுக்கு வழிவிட்டது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. 1995இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அதை உறுதி செய்தது. அங்கே வழக்கு நடத்த ஆளும் பணமும் இருந்தன. எல்லா மலைக்கும் அது வாய்க்காது.

அப்படியானால் அதிகாரத்தைக் கிராம சபையிடமே கொடுத்துவிடலாமா? கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரை ஒட்டிய யூக்ளிட் 1922இல் ஒரு கிராமம்தான். தன் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து அதுவே விதி செய்தது. ஆம்ப்ளர் ரியால்ட்டி என்ற மனை நிறுவனம் வழக்குப் போட, 1926இல் உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் நின்றது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அதே தீர்ப்பு, தனிவீடுகளுக்கு நடுவே எழும் அடுக்ககத்தை ஒட்டுண்ணி என்று வருணித்தது. பின்னால் எத்தனையோ ஊர்கள் இதே கருவியை வைத்து ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் எல்லைக்கு வெளியே நிறுத்தின. அக்கம்பக்கத்தார் எல்லாரும் நல்லவர்கள் அல்ல.

மஞ்சக்குட்டையில் இப்படி ஒரு விவாதம் நடந்தால் யார் என்ன சொல்வார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. விடுதி வந்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்பார் ஒருவர். மகளின் நர்சிங் படிப்புக்கு அரை ஏக்கரை விற்க இருப்பவர், பச்சை வண்ணம் அடித்து என் நிலத்தின் விலையைக் குறைக்காதீர்கள் என்பார். அதைப் பேராசை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓட்டு வீட்டில் ஓர் அறை சேர்க்க அனுமதிக்கு அலைந்தவர், பெரிய மனிதர்களுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டுமா என்பார். இவர்களில் எவரையும் சேலத்து அலுவலகத்தில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ள முடியாது.

சேர்வராயன் மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஆனாலும் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலமும் அறிவிக்கப்படவில்லை. எனவே பழங்குடிக் கிராம சபைகளுக்கு நிலத்தின்மேல் சொல்லுரிமை தரும் 1996ஆம் ஆண்டு ‘பெசா’ சட்டம் இங்கே எட்டிப்பார்க்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டுக்குள் யாருக்கு என்ன உரிமை என்ற விசாரணையைத் தொடங்குவதே கிராம சபைதான். அதே ஆட்கள் காட்டைத் தாண்டிப் பட்டா நிலத்துக்குள் கால் வைத்ததும் வெறும் பார்வையாளர்கள்!

கிராம சபை தவறான முடிவும் எடுக்கலாம். விலைக்கும் போகலாம். ஆனால் அங்கே போட்ட விதியை மீற நினைக்கிறவர், தன் சரிவுக்குக் கீழே குடியிருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விலக்குக் கேட்க வேண்டும். மேலே இருந்து வரும் விதி எவ்வளவு கண்டிப்பானதாக இருந்தாலும் இந்த ஒன்றை அதனால் செய்ய முடிவதில்லை. விளைவைச் சுமக்கப் போகிறவர் எதிரே இல்லாத இடத்தில் தாராளமாக இருப்பது எல்லாருக்கும் எளிது. இது சேலம் நகருக்கும் சேர்த்துத்தான்: அதன் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இந்த மலைத்தொடரில்தான் பிறக்கிறது. மஞ்சக்குட்டையார் பேசும்போது கீழே இருக்கிறவரும் வந்து உட்காரத்தான் வேண்டும்.

இது ஆகாத காரியமும் அல்ல. கோவாவில் 2011 வட்டாரத் திட்டம் மக்கள் எதிர்ப்பால் 2007இல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த திட்டத்தின் வரைவைக் கிராமம் கிராமமாக அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். நம்முடைய 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் முழுமைத் திட்டம் தயாரானால் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிக்கச் சொல்கிறது, ஆட்சேபம் எழுதித் தரக் குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. காப்பி பறிக்கப் போகிறவர் அரசிதழ் படிப்பதில்லை. 2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்ததால், படித்துச் சொல்லத் தலைவரும் இல்லாமல் போனார். ஏற்காட்டுக்கு எப்போது அப்படியொரு அறிவிப்பு வந்தாலும், வரைபடத்தைப் புல எண்களோடு எடுத்துப்போய்க் கிராம சபையில் விரித்து, வாய்மொழி ஆட்சேபங்களை அலுவலரே எழுதி வாங்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. சட்டத் திருத்தம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கையும், மலையேற ஒரு ஜீப்பும் போதும்.