மீட்டர் 'மாதிரி' என்று சொல்லாது

கெங்குவார்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் செய்த முதல் தெர்மோகப்பிளின் முனை கடுகளவுதான் இருக்கும். குரோமல், அலுமல் என்று இரண்டு உலோகக் கம்பிகளின் நுனியைச் சேர்த்து முறுக்கி, பழைய லாரி பேட்டரியின் ஒரு முனையில் மாட்ட வேண்டும். மறுமுனையில், டார்ச் செல்லை உடைத்து எடுத்த கார்பன் குச்சி. இரண்டும் ஒரு நொடி தொட்டால் பொறி பறந்து, நுனி உருகி உருண்டு நிற்கும். வெல்டிங் கண்ணாடி இல்லாமல் பார்க்கக்கூடாது. பத்தில் ஏழு கருகிப்போயின. எட்டாவது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன்.

மாமாவின் செங்கல் சூளைக்காகத்தான் இதைச் செய்தேன். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், 0. கொதிக்கிற தண்ணீரில் 99. மலையடிவாரம் என்பதால் எங்கள் ஊரில் 100-க்குச் சற்றுக் குறைவாகவே தண்ணீர் கொதிக்கும். காட்ரோட்டில் ஏறிக் கொடைக்கானல் போனால் 93 சொச்சம்தான். ஆக, சோதனையில் தேறிவிட்டது. "950 காட்டுனதும் விறக நிறுத்தி வாய மூடிருங்க மாமா" என்று கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி மாமா சூளைக்குள் எட்டிப் பார்த்தார். நாற்பது வருஷமாக நெருப்பின் நிறம் பார்த்த கண். "நெறம் வந்த மாதிரி இருக்கு மாப்ள."

மீட்டர் 887 என்றது. "இன்னும் வரல மாமா."

ஒரு நிமிஷம் நின்றார். "சரி, படிச்ச புள்ள சொல்ற" என்று இன்னும் விறகு போடச் சொன்னார்.

சூளையைப் பிரித்தபோது அடிவரிசைக் கல் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

தப்பு நான் பெருமைப்பட்ட வெல்டில் இல்லை. அந்த உருண்டை முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும்வரை அது கோணலாக இருந்தாலும், அதில் வேறு உலோகம் கலந்திருந்தாலும் அளவு மாறாது. கம்பி போதவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தேன். அதுதான் காரணம். தெர்மோகப்பிள் சூட்டைச் சொல்வதில்லை, இரண்டு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே சொல்கிறது, டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் என்று. சூளைச் சுவரை ஒட்டியிருந்த ஒட்டு 100 டிகிரி, மீட்டர் இருந்த இடம் 35. நடுவில் தொலைந்த 65 டிகிரியை மீட்டர் அறியவே இல்லை. வீட்டில் சோதித்தபோது ஒட்டும் மீட்டரும் ஒரே திண்ணையில், ஒரே சூட்டில் இருந்தன. பிழை தெரிய வழியே இல்லை.

1821-இல் பெர்லினில் இந்த விளைவைக் கண்ட சீபெக்கும், திசைகாட்டி முள் அசைந்ததைப் பார்த்துவிட்டு இது காந்தம் என்றே நினைத்தார். மின்சாரம் என்று புரிந்து பெயர் வைத்தவர் ஓர்ஸ்டெட். முள் அசைந்தது உண்மை. அது சொன்னதைப் படித்ததில்தான் தவறு.

மாமா "விடு மாப்ள" என்று முடித்துக்கொண்டார். என்னால் முடியவில்லை. நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் கொடுத்தேன். தெரியாமல் செய்த பிழை குற்றமாகுமா?

சந்தையில் காய்க்காரம்மாவின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறது. அந்தம்மா திருடி என்பதற்காக இல்லை. அந்தக் கல் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது, அதற்காக. என் கம்பியும் பின்கட்டில் இருந்தவரை விளையாட்டு. இன்னொருவர் அதைப் பார்த்து முடிவெடுத்த நொடியில் அது நான் கொடுத்த வாக்கு. பிழை நேர்வது யாருக்கும் உள்ளது. அது வேலை செய்யப்போகும் இடத்தில் சோதிக்காமல், எனக்கு வசதியான இடத்தில் சோதித்துவிட்டுத் தைரியம் சொன்னேனே, குற்றம் அதில் இருக்கிறது.

கண்ணும் தப்பும், இல்லை என்று சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு நிறம், இருட்டில் ஒரு நிறம். ஆனால் மாமா "வந்த மாதிரி இருக்கு" என்றுதான் சொன்னார். மீட்டர் 'மாதிரி' என்று சொல்லாது. தன் சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்ன ஒரு கண்ணை, சந்தேகமே இல்லாத ஓர் எண்ணை வைத்து நான் வாயடைத்துவிட்டேன். கல் போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

இப்போது செம்பு இல்லை, மீட்டர் வரைக்கும் அதே ஜோடிக் கம்பிதான். சூளைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் மாமா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மீட்டர்மேல் துண்டைப் போட்டு மூடி வைக்க வேண்டும்.

"மொதல்ல நான் சொல்லிர்றேன் மாப்ள. அப்புறம் துண்ட எடு."